ஆஞ்சியோடென்சின் ஏற்பியும் கருவிலுள்ள சிறுநீரகமும்

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய உடல்நல, நோய்ப்பாதிப்பு ஆய்வு, வயதுவந்தோரில் 30 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீரும் இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே மட்டும் இனிப்புநீரின் அளவு 31.4 விழுக்காடாக இருந்தது. சுபாங் ஜெயாவிலிருந்து கிள்ளான் வரை பல தமிழ்க் குடும்பங்களுக்குப் பெரின்டோப்ரில், எனாலாப்ரில், லோசார்ட்டான் போன்ற மாத்திரைகளின் பெயர்கள் பழகிப்போனதற்கு இதுவே காரணம். இரத்த அழுத்தத்தைத் தணிப்பதோடு இனிப்புநீர் நோயாளியின் சிறுநீரகத்தையும் காக்கும் இம்மாத்திரைகளைக் கர்ப்பிணி ஒருத்தி உட்கொண்டால், கருவிலுள்ள குழந்தையின் சிறுநீரகம் உருவாவதையே அவை தடுத்துவிடக்கூடும். ஒரே மருந்து ஓரிடத்தில் காவலாகவும் மற்றோரிடத்தில் கேடாகவும் அமைவதற்கான விளக்கம், ஹார்மோன் ஏற்பிகளின் இயல்பில் இருக்கிறது.

ஏற்பி என்பது உயிரணுவின் மேற்பரப்பிலோ உள்ளேயோ அமைந்த ஒரு புரதம். இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்லும் ஹார்மோன், தனக்குரிய ஏற்பியைப் பெற்றுள்ள உயிரணுக்களில் மட்டுமே நேரடியாகச் செயல்படுகிறது; எந்த உயிரணு, எந்த வயதில், எந்த ஏற்பியை உருவாக்குகிறது என்பதைப் பொறுத்து அதே ஹார்மோனின் விளைவு மாறிவிடுகிறது. 1898இல் ராபர்ட் டைகர்ஸ்டெட், பெர் பெர்க்மன் ஆகிய இருவரும் முயலின் சிறுநீரகச் சாற்றில் இரத்த அழுத்தத்தை உயர்த்தும் பொருளொன்று இருப்பதைக் கண்டு அதற்கு ரெனின் எனப் பெயரிட்டனர். கல்லீரல் சுரக்கும் ஒரு புரதத்தை ரெனின் வெட்ட, அதிலிருந்து படிப்படியாக ஆஞ்சியோடென்சின் என்னும் ஹார்மோன் உருவாகிறது. அதற்குரிய முதல்வகை ஏற்பி வயதுவந்தோரின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, உப்பை உடலில் தங்கவைக்கிறது; வயதுவந்தோரிடம் அரிதாகவே காணப்படும் இரண்டாம்வகை ஏற்பியோ, கருவில் மிகுந்திருந்து பிறப்புக்குப்பின் குறைந்துவிடுகிறது.

கருவின் ஐந்தாம் வார அளவில், நிலையான சிறுநீரகத்துக்கான முளை தோன்றிக் கிளைவிடத் தொடங்குகிறது. கிளைகளின் நுனிகளை அடுத்து, இரத்தத்தை வடிகட்டும் நுண்ணலகுகளான நெஃப்ரான்கள் அமைகின்றன. ஏறத்தாழ 36ஆம் வாரத்தோடு இவ்வேலை முடிந்துவிடுகிறது. அதன்பின் சிறுநீரகம் பருத்து வளருமேயன்றி, புதிய நெஃப்ரான் ஒன்றுகூட உருவாவதில்லை. சராசரியாக ஒரு சிறுநீரகத்தில் பத்து இலட்சம் அளவுக்கு இருந்தாலும், இவ்வெண்ணிக்கை சிலரிடம் இரண்டு இலட்சமாகவும் சிலரிடம் இருபது இலட்சத்துக்கு மேலாகவும் உள்ளது. பிறக்கும்போது கிடைத்த இந்த இருப்பைக் கொண்டே மனிதர் வாழ்நாள் முழுவதும் காலந்தள்ள வேண்டியிருப்பதால், கருவில் கழியும் இம்மாதங்களுக்கு ஈடுசெய்ய முடியாத மதிப்பு உண்டு.

இம்மாதங்களில் ஆஞ்சியோடென்சினின் முதல்வகை ஏற்பியும் இன்றியமையாதது: அது இல்லாதபடி வளர்க்கப்பட்ட எலிகளில் சிறுநீர் திரண்டு வெளியேறும் உட்குழிவு சரியாக அமையவில்லை. மனிதரிடத்திலும், ரெனினையோ ஆஞ்சியோடென்சினையோ முதல்வகை ஏற்பியையோ பழுதாக்கும் மரபணு மாற்றங்களைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெறும் குழந்தைகளுக்கு நெஃப்ரானின் முதற்குழாய்ப் பகுதி முறையாக உருவாவதில்லை என்று 2005இல் தெரியவந்தது. கருவின் பிற்பாதியில் பனிக்குட நீரின் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீரே ஆகையால், சிறுநீரகம் செயற்படாதபோது அந்நீர் வற்றிவிடுகிறது. அந்நீரின்றி நுரையீரலும் விரிந்து வளர முடியாமற்போக, இத்தகைய குழந்தைகளுட் பெரும்பாலோர் பிறந்த சில நாட்களிலேயே இறந்துவிடுகின்றனர். கருவின் நான்காம் மாதத்துக்குப்பின் தாய் உட்கொள்ளும், ஆஞ்சியோடென்சின் உருவாவதையோ அதன் முதல்வகை ஏற்பியையோ தடுக்கும் மேற்சொன்ன மாத்திரைகளாலும், மரபணுவில் குறையேதும் இல்லாத குழந்தைக்கு இதே கேடு நேரலாம்.

சிறுநீரகத்தை உருவாக்கும் வேலையை ஆஞ்சியோடென்சின் மட்டுமே செய்வதில்லை. வைட்டமின் ஏ உடலில் மாறி உருவாகும் ரெட்டினாயிக் அமிலமும், ஹார்மோனைப் போலவே, உயிரணுவின் உட்கருவுக்குள் இருக்கும் ஏற்பிகள் வழியாகச் சிறுநீரக முளையின் கிளைவிடலைத் தூண்டுகிறது. பெங்களூரிலும் கனடாவின் மொன்றியலிலும் பிறந்த சிசுக்களை ஒப்பிட்டு 2007இல் வெளியான ஒரு முன்னோட்ட ஆய்வில், வைட்டமின் ஏ குறைவுள்ள தாய்மார் மிகுந்திருந்த பெங்களூரில் சிசுக்களின் சிறுநீரகம் உடல் அளவோடு ஒப்பிடுகையில் சற்றுச் சிறியதாக இருந்தது. இதைக் கேட்டு வைட்டமின் ஏ மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குவது தவறு. அளவு மிஞ்சினால் அதுவும் கருவைச் சிதைக்கும். முருங்கைக்கீரையும் பூசணியும் தரும் அளவில் அந்த ஆபத்து இல்லை.

மலேசிய அரசாங்கக் கிளினிக்குகளில் கர்ப்பிணிக்கு இளஞ்சிவப்பு நிறப் பதிவேடு ஒன்று தரப்படுகிறது. ஆபத்தின் அளவுக்கேற்ப வண்ண அடையாளமும் அதில் ஒட்டப்படுகிறது. உயர் இரத்த அழுத்தமுள்ள பெண்ணின் மாத்திரைகள் அங்கே கவனிக்கப்பட்டு, மெத்தில்டோபா, லபெட்டலால், நிஃபெடிபின் ஆகியவற்றுள் ஒன்றுக்கு மாற்றப்படும். எனினும் பலர் முதல் பதிவுக்கே தாமதமாக வருவதால், இனிப்புநீருக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து உண்ணும் இளம்பெண்ணிடம் கருத்தரிக்கும் எண்ணம் உண்டா என்று மருந்து எழுதும்போதே வினவுவதுதான் முறை. அதை அவள் வாய்திறந்து கேட்கட்டும் என விட்டுவிடுவது நியாயமன்று. கருத்தரிப்புக்கு முந்தைய ஆலோசனை அரசாங்கக் கிளினிக்குகளில் கிடைக்கிறது. அதேவேளை, கருவுற்றதை அறிந்த பெண் பயந்துபோய் எல்லா மாத்திரைகளையும் தானே நிறுத்திவிடுவதும் ஆபத்தானது, ஏனெனில் கட்டுப்படாத இரத்த அழுத்தம் தாயையும் சேயையும் ஒருங்கே தாக்கும். உடனே கிளினிக்குக்குச் சென்று மருந்தை மாற்றிக்கொள்வதே செய்யத்தக்கது.

நிறைமாதத்தில் குழந்தை பிறந்து நெஃப்ரான்கள் யாவும் அமைந்துவிட்ட பிறகு நிலைமை மாறிவிடுகிறது. எனாலாப்ரில் தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே கலப்பதால், பாலூட்டும் தாய்க்கு மருத்துவர் அதனை மீண்டும் எழுதித் தரலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தையெனில், அதன் சிறுநீரகம் இன்னும் உருவாகிக்கொண்டிருப்பதால், வேறு மருந்தையே தேர்ந்தெடுப்பர்.