604601-க்கு எந்த சர்வர்?

கீழ்பென்னாத்தூரின் பின்கோடு 604601. திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்தான், ஆனால் பின்கோடு 606-இல் தொடங்கும் திருவண்ணாமலையோடு சேராமல் செஞ்சி, திண்டிவனம் பக்கம் சாய்கிறது. இங்கே ஒரு ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ அரிசி ஆலையோ சர்வர் வாங்கப் போனால், "டெல் நல்லதா, எச்.பி. நல்லதா, லெனோவோவா?" என்று கேட்பதற்கு முன் இந்த ஆறு இலக்கத்தைத்தான் விற்பனையாளரிடம் சொல்ல வேண்டும். ஏனென்றால் பெட்டிக்குள் இருப்பது ஏறக்குறைய ஒன்றேதான்.

மூடியைக் கழற்றிப் பாருங்கள். பிராசஸர் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. மெமரி சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றில் ஒன்று. ஹார்ட் டிஸ்க் என்றால் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மேஜைக் கம்ப்யூட்டரில் இல்லாத சங்கதிகளும் எல்லா பிராண்டிலும் உண்டு. முக்கியமானது இ.சி.சி. மெமரி. மெமரியில் ஒரு பிட் தானாகப் புரண்டுவிட்டால் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். பிட் புரள்வது அபூர்வக் கோளாறு என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். கூகுள் தன் சர்வர்களை வைத்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு, ஓராண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு மெஷினில் இப்படிப்பட்ட பிழை ஒரு தடவையாவது வந்ததாகக் காட்டியது. கணக்கு வழக்கு வைக்கிற மெஷினில் இ.சி.சி. இல்லாமல் வாங்குவது வீண் துணிச்சல்.

அடுத்தது, ஓடிக்கொண்டிருக்கும்போதே பாகத்தை மாற்றும் வசதி. டெல், லெனோவோ சர்வர்களில் ஆரஞ்சு நிறப் பிடி இருந்தால் மெஷினை நிறுத்தாமலே உருவலாம். நீலப் பிடி என்றால் கரன்ட்டை நிறுத்திவிட்டுத்தான் தொட வேண்டும். எச்.பி.யில் ஆரஞ்சுக்குப் பதில் அரக்குச் சிவப்பு. பவர் சப்ளை இரண்டு, டிஸ்க் இரண்டு என்று ஜோடியாக இருப்பதும் இதற்காகத்தான். ஒன்று போனால் மற்றது தாங்கும்.

தாங்காமல் போன கதையும் உண்டு. 2019 நவம்பரில், எச்.பி.யிலிருந்து பிரிந்து சர்வர் தொழிலைப் பார்க்கும் எச்.பி.இ. ஓர் அவசர அறிவிப்பு விட்டது. அதன் சர்வர்களில் பொருத்தப்படும் சில எஸ்.எஸ்.டி. வட்டுகள், சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும். அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். வட்டும் போச்சு, உள்ளே இருந்த தரவும் போச்சு. 16 பிட்டில் குறியோடு எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 32,767. அதைத் தாண்டியதும் வட்டின் உள்மென்பொருள் கணக்கு குழம்பியிருக்க வேண்டும். ஒரே நாளில் பொருத்திய இரண்டு வட்டுகள் ஒரே மணி நேரத்தில் போனால், ஒன்றுக்கொன்று காவல் என்று ஜோடி போட்டு என்ன பயன்? 2020-இல் இன்னொரு வகை வட்டில் 40,000 மணி நேரத்தில் இதேபோன்ற கோளாறு. இந்தத் தடவை டெல் சர்வர்களுக்கான வட்டுகளும் மாட்டின. உள்மென்பொருளைப் புதுப்பித்தவர்கள் தப்பினார்கள்.

இங்கே ஒரு வில்லங்கம். 2014 பிப்ரவரியிலிருந்து எச்.பி., தன் சர்வர்களின் பயாஸ் போன்ற சில புதுப்பிப்புகளை வாரன்டியோ சப்போர்ட் ஒப்பந்தமோ உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. டெல் இதைத் திறந்தே வைத்திருக்கிறது. ஐந்தாறு வருஷம் ஓட்டப்போகிற சின்ன நிறுவனத்துக்கு, என்னைக் கேட்டால், பிராசஸர் வேகத்தைவிட இந்த வித்தியாசம் பெரிது.

பிராண்டுப் பெயர்களே நிலையானவை அல்ல. இன்றைய எச்.பி.இ.யின் புரோலயன்ட், காம்பேக் பெற்ற பிள்ளை. 2002-இல் காம்பேக்கோடு எச்.பி.க்கு வந்தது, 2015-இல் எச்.பி. இரண்டானபோது எச்.பி.இ. பக்கம் போனது. ஐ.பி.எம். தன் இன்டெல் வகை சர்வர் தொழிலை 2014-இல் லெனோவோவுக்கு விற்றது. அந்த லெனோவோவுக்குப் புதுச்சேரியில் ஆலை இருக்கிறது. ஏ.ஐ. சர்வர்களை ஆண்டுக்கு 50,000 வரை அங்கே தயாரிக்கப்போவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து செஞ்சி வழியாகப் போனால் நூறு கிலோமீட்டருக்குள்தான். அதனால் நமக்கு சீக்கிரம் ஆள் வருவார் என்று நினைத்துவிடக் கூடாது. ஆலை வேறு, ஸ்பேர் கிடங்கு வேறு.

நிலக்கடலைக் காட்டுக்கு மோட்டார் வாங்குகிறவர் கம்பெனியை மட்டும் பார்ப்பதில்லை, அதற்குக் காயில் கட்டுகிறவர் பக்கத்தில் உண்டா என்று விசாரிப்பார். சர்வருக்கும் அதே விசாரணைதான். விளம்பரத்தில் 'நெக்ஸ்ட் பிசினஸ் டே' என்று இருக்கும். புகார் சொன்ன மறுநாள் என்று அதற்குப் பொருள் இல்லை. போனில் சோதித்து, இன்ன பாகம்தான் போயிருக்கிறது என்று அவர்கள் முடிவு செய்த பிறகு வரும் வேலை நாள். சனி மாலை போன பவர் சப்ளைக்கு ஞாயிறு கணக்கில் வராது. நான்கு மணி நேர சேவை வேண்டுமானால் கூடுதல் பணம், அதுவும் கிடங்கிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருந்தால்தான். நம் பின்கோடு அதற்குள் வருகிறதா என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். பௌர்ணமி கிரிவலத்தன்றும் கார்த்திகை தீபத்தன்றும் திருவண்ணாமலையைத் தாண்டி யார் வந்தாலும் தாமதம்தான், அதற்கு எந்த ஒப்பந்தமும் பொறுப்பேற்காது.

ஆள் வரும்வரை கைகொடுப்பது, சர்வருக்குள் இருக்கும் இன்னொரு குட்டிக் கம்ப்யூட்டர். டெல்லில் ஐடிராக், எச்.பி.யில் ஐஎல்ஓ, லெனோவோவில் எக்ஸ்கிளாரிட்டி. சர்வர் அணைந்திருந்தாலும் பிளக்கில் கரன்ட் இருக்கும்வரை இது விழித்திருக்கும். சென்னையில் உட்கார்ந்தபடியே ஒருவர் இதன் வழியாக மெஷினை ஆன் செய்து பார்க்கலாம். ஆனால் சர்வரின் திரையையே தூரத்திலிருந்து முழுமையாகப் பார்த்து இயக்க இந்த மூவரும் பெரும்பாலும் தனி லைசென்ஸ் கேட்பார்கள். இன்னொரு பிராண்டான சூப்பர்மைக்ரோ அதற்குக் கேட்பதில்லை. விலையும் அதில் குறைவு. ஆனால் வாங்கிக் கொடுத்த கடைக்காரர்தான் பெரும்பாலும் சப்போர்ட், அவர் கெட்டிக்காரராக இருக்க வேண்டும்.

விலை கேட்பதில் ஒரு சூட்சுமம். முதலில் பேசிய டீலர் உங்கள் பெயரைக் கம்பெனியில் 'டீல் ரெஜிஸ்ட்ரேஷன்' செய்துவிடுவார். சலுகை விலை அவருக்கே. அதே கம்பெனி சர்வருக்கு மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினால் மற்ற இருவர் அதிகமாகச் சொல்வது இதனால்தான். போட்டி வேண்டுமென்றால் வேறு வேறு பிராண்டுகளிடம் கேட்க வேண்டும்.

வாங்கிய பிறகு எந்த பிராண்டையும் காப்பாற்றுவது அறையும் எர்த்தும். சாதாரண சர்வர்கள் உள்ளிழுக்கும் காற்று 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில் அது நடக்காது. பொருத்த வருகிற இன்ஜினீயர் முதலில் மல்டிமீட்டரை எடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளப்பார். இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டினால் முகம் சுளிப்பார். உப்பும் கரியும் போட்ட எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.

இதற்கெல்லாம் கையில் காசில்லை என்றால், சென்னை ரிச்சி தெருவில் பெரிய கம்பெனிகள் கழித்த சர்வர்கள் கிடைக்கும். கம்பெனி சப்போர்ட் அநேகமாக இருக்காது. ஆகவே ஒன்று வாங்காதீர்கள், ஒரே மாடலில் இரண்டாக வாங்குங்கள். வட்டை மட்டும் புதிதாகப் போட்டு ஒன்றை ஓட்டுங்கள், மற்றது ஸ்பேர் கிடங்காகப் பக்கத்து அறையிலேயே இருக்கட்டும்.