வைரத்தைத் தரம் பார்ப்பது எப்படி? வகுப்பறைக்கும் வீட்டுக்கும் ஒரு விளக்கம்



"உலகத்துலயே ரொம்பக் கடினமான பொருள் எது?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "வைரம், டீச்சர்!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். பெரும்பாலும் பாடம் அத்தோடு முடிந்துவிடும்.

ஆனால் அந்த மாணவர்களில் ஒருவரின் பாட்டி, தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் சீட்டுக் கட்டி வாங்கிய ஏழு கல் வைரத்தோட்டைப் பேரனின் படிப்புக்காக விற்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "கல்லுக்கெல்லாம் விலை இல்லம்மா, தங்கத்துக்கு மட்டும்தான்" என்று கடைக்காரர் சொன்னால், அவர் என்ன கேட்க வேண்டும்? அந்தக் கேள்விகளை நம் மாணவர்கள் தெரிந்துகொண்டால் பாட்டிக்குப் பக்கத்தில் நின்று பேச ஓர் ஆள் இருக்கும். அதற்கான குறிப்புதான் இது.

கடினம் வேறு, உறுதி வேறு

வைரமும் பென்சில் கரியும் ஒரே தனிமம், கார்பன். அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. 1812-இல் பிரீட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவில் வைரத்துக்கு 10. அதாவது, வைரம் மற்ற கனிமங்களைக் கீறும். அவை வைரத்தைக் கீறா. ஆனால் சுத்தியலால் அடித்தால் வைரம் உடையும். அதன் படிகத்தில் எளிதாகப் பிளக்கும் நான்கு திசைகள் உண்டு. ஆகவே "தட்டிப் பாரு, உடையலன்னா வைரம்" என்பது நல்ல கல்லையே அழித்துவிடும் சோதனை. மாணவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நெல்லிலிருந்து தொடங்குவோம்

செகிஞ்சான் பிள்ளைகளுக்குத் தரம் பிரிப்பது புதிதல்ல. ஆலைக்கு வரும் நெல்லில் ஈரம் எவ்வளவு, பதரும் தூசியும் எவ்வளவு என்று பார்த்துத்தான் எடையில் கழிப்பார்கள். கடையில் அரிசிப் பையைப் பார்த்தால் 5%, 10% என்று போட்டிருக்கும். அது உடைந்த அரிசியின் அளவு. "நல்ல அரிசி" என்று பொதுவாகச் சொல்லாமல், எதில் நல்லது என்று தனித்தனியாக அளக்கிறோம். வைரத்திலும் அப்படியே. அங்கே கேள்விகள் நான்கு.

1. எடை. ஒரு கேரட் என்பது 0.2 கிராம். அதை நூறாகப் பிரித்து "சென்ட்" என்பார்கள். தங்கத்தின் 22 கேரட் என்பது தூய்மை. வைரத்தின் கேரட் எடை. இந்த இரண்டையும் பெரியவர்களே குழப்பிக்கொள்கிறார்கள். இன்னொன்று: 10 சென்ட் கற்கள் ஏழு சேர்ந்தால் 70 சென்ட்தான், ஆனாலும் அதே தரத்தில் 70 சென்ட் ஒற்றைக் கல்லின் விலை அவற்றுக்குக் கிடைக்காது. பெரிய கல் அரிது என்பதால் விலை எடையைவிட வேகமாக ஏறும்.

2. நிறம். அமெரிக்க இரத்தினக்கல் கழகமான ஜிஐஏ 1950களில் வகுத்த அளவுகோல் டி எழுத்தில் தொடங்கி இசட்டில் முடிகிறது. டி என்றால் நிறமே இல்லை. கீழே போகப் போக மஞ்சளோ பழுப்போ கூடும். கல்லைத் தலைகீழாக வைத்து, மாதிரிக் கற்களோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். நகையில் பதித்த கல்லுக்கு நிறத்தைத் தோராயமாகத்தான் சொல்ல முடியும். பின்பக்கம் மூடிய பழைய தோடுகளில் இது இன்னும் சிரமம்.

3. தெளிவு. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்து, உள்ளே இருக்கும் புள்ளி, கீறல், மேகம் போன்றவற்றைக் கணக்கிடுவார்கள். குறையே தெரியாதது முதல் வெறுங்கண்ணுக்கே குறை தெரிவது வரை 11 படிகள். தமிழாசிரியர்களுக்கு இங்கே ஒரு மகிழ்ச்சியான செய்தி: சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரை இரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும் இடத்தில், வைரத்தின் நான்கு குற்றங்களை இளங்கோவடிகள் பெயரிட்டுக் குறிக்கிறார். புள்ளிக்கு விந்து, கோட்டுக்கு ஏகை, கறைக்குக் களங்கம், காக்கைக் கால் போன்ற கீறலுக்குக் காகபாதம். கண்ணாடி ஆய்வகம் இல்லாத காலத்திலேயே குறைகளை வகைப்படுத்தி வைத்திருந்தார்கள்.

4. வெட்டு. மற்ற மூன்றும் பெரும்பாலும் இயற்கை தந்தவை. இது மட்டும் மனிதக் கை வேலை. வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. உள்ளே போன ஒளி ஏறத்தாழ 24 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் பக்கத்தில் பட்டால் வெளியேறாமல் திரும்பும். பட்டைகளின் கோணம் சரியாக இருந்தால் ஒளி மேலே வந்து மின்னும். ஆழம் கூடினாலும் குறைந்தாலும் பக்கவாட்டிலும் அடியிலும் கசிந்து, கல் மங்கலாகத் தெரியும். கோகினூரை 1852-இல் இலண்டனில் மறுபடி வெட்டியபோது ஏறத்தாழ 191 கேரட்டாக இருந்தது 105.6 கேரட்டாகக் குறைந்தது. பளபளப்புக்காக அவ்வளவு எடையை விட்டுக்கொடுத்தார்கள்.

"புளூ ஜாகர்" என்றால்?

"எங்க வீட்டுல இருக்கறது புளூ ஜாகர்" என்று பெருமையாகச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டெய்ன் சுரங்கப் பெயரிலிருந்து வந்த வணிகச் சொல் அது. அங்கே கிடைத்த சில கற்கள் சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர் பட்டு நீலமாக ஒளிர்ந்தன. ஆனால் அது தர அளவு அல்ல. இன்றைய சான்றிதழில் இந்த ஒளிர்வைத் தனி வரியில் குறிப்பார்கள். நிறமும் தெளிவும் வேறாகவே எழுதப்பட்டிருக்கும்.

வைரம்தானா?

வைரம் செம்பைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கடைகளில் வைத்திருக்கும் முள் போன்ற சோதனைக் கருவி இதைத்தான் அளக்கிறது. சிர்கோனியாக் கல் அதில் மாட்டிக்கொள்ளும். மொய்சனைட் என்னும் கல்லோ அந்தக் கருவியை ஏமாற்றிவிடும். உருப்பெருக்கியில் பார்த்தால் அதன் பட்டை விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தின் கதை வேறு. அதுவும் உண்மையான கார்பன் படிகம்தான். வேதியியலில் வித்தியாசமில்லை, விலையில் நிறைய உண்டு. இயற்கைக் கல்லிலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல ஆய்வகக் கருவி வேண்டும். அதனால் வாங்கும்போது "இயற்கையா, வளர்த்ததா? பில்லுல எழுதிக் குடுங்க" என்று கேட்பது முக்கியம்.

வகுப்பில் செய்ய

வைரம் தேவையில்லை, ஒரு கைப்பிடி அரிசி போதும். முழுசு, உடைந்தது, நிறம் மாறியது என்று ஒரு குழு பிரித்து எண்ணி விழுக்காடு எழுதட்டும். பிறகு எல்லாவற்றையும் கலந்து, விடையைச் சொல்லாமல் அதே அரிசியை அடுத்த குழுவிடம் கொடுங்கள். இரண்டு விடைகளும் சரியாக ஒத்துப்போகாது. தரம் பார்ப்பதில் மனிதக் கணிப்பும் உண்டு, அதனால்தான் ஆய்வகங்களில் ஒரே கல்லை ஒருவருக்கு மேற்பட்டோர் பார்க்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

மீண்டும் பாட்டியிடம் வருவோம். அவர் கேட்க வேண்டியவை இவை: இது வைரம்தானா, எந்தக் கருவியில் பார்த்தீர்கள்? மொத்தம் எத்தனை சென்ட்? நிறமும் தெளிவும் தோராயமாக எவ்வளவு? கல்லுக்கு விலை தராவிட்டால், கல்லைக் கழற்றி என்னிடமே கொடுப்பீர்களா? ஒரே கடையோடு நிற்காமல் இன்னும் இரண்டு கடையில் கேட்கச் சொல்லுங்கள்.

சின்னப் பழைய கற்களுக்குப் பெரிய தொகை கிடைக்காமல் போகலாம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். ஆனால் தன் கையில் இருப்பது என்ன என்று தெரிந்து விற்பதும், தெரியாமல் விட்டுவிட்டு வருவதும் ஒன்றல்ல.