புதுக் குட்டிகளைப் பார்த்து வீட்டுப் பூனை சீறுகிறதா? அவசரப்படாமல் பழக்குவது எப்படி?

திருவண்ணாமலையில் பூனைக்குட்டியைத் தேடிப் போக வேண்டியதில்லை. மாட வீதிக் கடைகளின் படிக்கட்டு ஓரம், கிரிவலப் பாதையின் தள்ளுவண்டிப் பக்கம், வாடகை வீட்டு மொட்டை மாடி என எங்கேயாவது கண்ணில் பட்டுவிடும். பசியில் கத்தும் இரண்டு குட்டிகளைப் பார்த்ததும் மனசு கேட்காமல் வீட்டுக்குத் தூக்கி வருபவர்கள் நிறைய. வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருந்தால், சிக்கல் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும்.

“ரெண்டு நாள்ல பழகிடும்” என்ற நம்பிக்கையில் குட்டிகளை நேராக ஹாலில் இறக்கிவிடுகிறார்கள். பெரிய பூனை சீறுகிறது, அறைகிறது, பீரோ மேல் ஏறிக்கொண்டு சாப்பாட்டுக்குக்கூட இறங்க மறுக்கிறது. “நம்ம பூனைக்குப் பிடிக்கலை” என்று முடிவுகட்டி, குட்டிகளை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வருவதும் நடக்கிறது. மனிதர் வாசனைக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் பழகிய குட்டி மறுபடி தெருவில் பிழைப்பது கஷ்டம். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

பெரும்பாலான வீடுகளில் பிரச்சினை குட்டிகளும் இல்லை, பழைய பூனையும் இல்லை. அறிமுகம் செய்த வேகம்தான்.

பூனைக்கு ஏன் கோபம் வருகிறது?

அது பொறாமை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பயம்தான் அதிகம். வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. கூட்டமாக வாழாமல், தனியாக வேட்டையாடி, தனக்கென்று ஓர் எல்லை வைத்துக்கொள்ளும் விலங்கு அது. நாய் போலப் புதியவரை வாலாட்டி வரவேற்கும் பழக்கம் அந்தப் பரம்பரையில் இல்லை.

பூனை தன் எல்லையை வாசனையால் எழுதி வைக்கிறது. கன்னத்தைக் கதவு நிலையிலும் நம் காலிலும் தேய்ப்பது, சோபாவைப் பிறாண்டுவது எல்லாமே ‘இது என் இடம்’ என்ற முத்திரை. கன்னத்திலும் பாதத்திலும் உள்ள சுரப்பிகள் அந்த வாசனையை விட்டுச் செல்கின்றன. அந்த வீட்டுக்குள் திடீரென்று அந்நிய வாசனையோடு இரண்டு உயிர்கள் ஓடினால் பூனை மிரளத்தான் செய்யும். அதனால் அறிமுகம் கண்ணில் தொடங்கக் கூடாது, மூக்கில்தான் தொடங்க வேண்டும்.

தூக்கி வருவதற்கு முன்...

குட்டிகள் தனியாக இருப்பதால் தாய் இல்லை என்று அர்த்தமில்லை. இரை தேடிப் போயிருக்கலாம். ஆபத்து இல்லாத இடமென்றால் சில மணி நேரம் தள்ளி நின்று பார்ப்பது நல்லது. குட்டிகள் குறைந்தது 8 வாரமாவது தாயோடு இருப்பதுதான் சரி. தாய் உண்மையிலேயே இல்லையென்றால் பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும். குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவுதான் பாதுகாப்பு.

ஒன்றுக்குப் பதில் இரண்டாகக் கொண்டு வருவதில் ஒரு நன்மையும் இருக்கிறது. குட்டிகள் ஒன்றோடொன்று உருண்டு விளையாடும். பெரிய பூனையின் வாலைக் கடித்துத் தொல்லை கொடுப்பது குறையும்.

முதல் இரண்டு வாரம் ஏன் தனி அறை?

காரணம் சண்டை மட்டுமில்லை, நோயும்தான். தெருவிலிருந்து வரும் குட்டிகளிடம் பான்லூகோபீனியா என்ற வைரஸ் இருக்கலாம். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட மறுப்பது இதன் அறிகுறிகள். குட்டிகளைச் சில நாட்களிலேயே கொன்றுவிடும். தடுப்பூசி போடாத பெரிய பூனைக்கும் தொற்றும். இந்த வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சோப்புத் தண்ணீருக்குச் சாகாது. 1 பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, 10 நிமிடம் விட்டுப் பிறகு கழுவ வேண்டும். தரை காய்ந்த பிறகே பூனைகளை உள்ளே விட வேண்டும்.

அதனால் முதல் 10 முதல் 14 நாட்களுக்குத் தனி அறை, தனித் தட்டு, தனி மண் தொட்டி. குட்டிகளைத் தொட்ட கையைக் கழுவிய பிறகே பெரிய பூனையைத் தொட வேண்டும். இந்த நாட்களில் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பூச்சி மருந்து கொடுக்கலாம். பூனைகளுக்கான கூட்டுத் தடுப்பூசியை 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை போடுவது வழக்கம். வெறிநோய்த் தடுப்பூசி 12 வாரத்துக்குப் பிறகு. பெரிய பூனையின் தடுப்பூசி அட்டையையும் அப்போதே சரிபார்த்துவிடுவது நல்லது.

ஒற்றை அறை வாடகை வீடாக இருந்தால்? குளியலறையோ, மூடிய பால்கனியோ போதும். வெயில் நேரத்தில் காற்றோட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

வாசனை, பார்வை, சந்திப்பு

முதல் கட்டம் வாசனை. குட்டிகளுக்கு உடம்பு சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே இதைத் தொடங்க வேண்டும். குட்டிகள் படுத்த துணியைப் பெரிய பூனை நடமாடும் இடத்திலும், அதன் துணியைக் குட்டிகளின் அறையிலும் போட்டு வைக்கலாம். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. கதவுக்கு அந்தப் பக்கத்து வாசனை வந்தால் சாப்பாடும் வரும் என்று பூனை மனதில் பதியும். முதலில் தட்டு நாலடி தள்ளி இருக்கட்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவருகே நகர்த்தலாம்.

இரண்டாம் கட்டம் பார்வை. இருவரும் கதவருகே நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு, கம்பிவலைக் கதவு வழியாகவோ, வாசலில் இறுக்கிக் கட்டிய வலை வழியாகவோ பார்க்கவிடலாம். சில நிமிடம் போதும். சீறினால் தட்டைப் பின்னால் தள்ளி, மறுநாள் மறுபடி முயலலாம்.

மூன்றாம் கட்டம் சந்திப்பு. முதலில் குட்டிகள் வயிறாரச் சாப்பிட்டு, ஓடியாடிக் களைக்க வேண்டும். பிறகு ஒரே அறையில் 5 முதல் 10 நிமிடம். யாரையும் மடியில் பிடித்து முகத்துக்கு நேரே நீட்டக் கூடாது. பெரிய பூனை தப்பிப் போக உயரமான ஓர் இடம், திறந்த ஒரு வழி கட்டாயம் வேண்டும். மூன்று பூனை இருக்கும் வீட்டில் நான்கு மண் தொட்டி என்பது பொதுக் கணக்கு. இடமில்லையென்றால் குறைந்தது வேறு வேறு மூலைகளில் வைக்கலாம்.

சீறினால் பயப்பட வேண்டுமா?

வேண்டாம். சீறுவது ‘தள்ளிப் போ’ என்ற எச்சரிக்கை. நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு ஒரு அறை வைப்பதும் குட்டிக்குப் பாடம்தான். அதற்காகப் பெரிய பூனையை அதட்டினால், குட்டி வந்தாலே திட்டு விழும் என்று அது புரிந்துகொள்ளும்.

உடனே பிரித்து ஒரு கட்டம் பின்னால் போக வேண்டிய அறிகுறிகள் இவை:

• கண் இமைக்காமல் முறைத்து, உடலைத் தாழ்த்தி, குட்டியைப் பதுங்கித் தொடர்வது
• இருவரும் கட்டிப் புரண்டு அலறுவது, முடி பறப்பது
• பெரிய பூனை வீட்டுக்குள் சிறுநீர் தெளிப்பது
• ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருப்பது. இதற்கு மருத்துவரிடமே போக வேண்டும்

சண்டையை விலக்கக் கையை நடுவில் விடக் கூடாது. அட்டை, தலையணை எதையாவது குறுக்கே நுழைக்கலாம். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பூனை மூலமும் வெறிநோய் வரும்.

தீப நாட்களில் வேண்டாம்

பௌர்ணமி இரவுகளில் ஊரே தூங்காது. தீபாவளி தொடங்கிக் கார்த்திகை தீபம் வரை வெடிச் சத்தம், ஒலிபெருக்கி, வீடு நிறைய உறவினர் என்று பூனைகள் ஏற்கெனவே மிரண்டிருக்கும். அந்த நாட்களில் புதிய கட்டத்துக்குப் போகாமல், இருக்கும் நிலையிலேயே நிறுத்தி வைப்பது நல்லது. கிரிவலக் கூட்டத்துக்குள் கதவு வழியாக ஒரு குட்டி ஓடிவிட்டால் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

எத்தனை நாளாகும்?

குட்டிகளைப் பெரிய பூனை சில வாரங்களில் ஏற்றுக்கொள்வது சகஜம். சில பூனைகளுக்கு மாதங்கள் ஆகும். உண்மையான நட்பு உருவாக 8 முதல் 12 மாதம்கூட எடுக்கலாம். கடைசி வரை கட்டிக்கொண்டு தூங்காமலும் போகலாம். ஒரே வீட்டில் சண்டையில்லாமல் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கினாலே அறிமுகம் வெற்றிதான்.

கருத்தடையை மட்டும் தள்ளிப் போடக் கூடாது. பெண் குட்டி 4 மாதத்திலேயே சினையாகலாம், சுமார் 9 வாரத்தில் ஈன்றுவிடும். 5 மாதம் ஆவதற்குள் கருத்தடை செய்தால் சண்டையும் சிறுநீர் தெளிப்பதும் குறையும். படிக்கட்டு ஓரத்தில் இன்னொரு ஜோடிக் குட்டிகள் கத்திக்கொண்டு நிற்பதும் குறையும்.