ரசிகர்களின் குரலும் வாங்குவோரின் மௌனமும்

கைக்கடிகாரம் இன்று நேரம் பார்ப்பதற்கான கருவி மட்டுமன்று. அந்த வேலையைக் கைப்பேசி எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும், கடிகாரங்களைச் சேகரிப்போரும் அவற்றின் உள்ளமைப்பை நுணுகி ஆராய்வோரும் குறையவில்லை. ஒரு நிறுவனம் கடிகாரத்தின் வடிவத்தையோ, விலையையோ மாற்றினால் முதலில் குரல் எழுப்புபவர்கள் இந்த ரசிகர்களே. அக்குரலுக்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்பது ஒரு பொருளியல் கேள்வி.

டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் (டிட்கோ) இணைந்து 1984-இல் தொடங்கிய நிறுவனம் டைட்டன். அதன் ஆலை ஒசூரில் எழுந்தது. இன்றும் அந்நிறுவனத்தின் பங்குகளில் சுமார் 28 விழுக்காடு டிட்கோவிடம் இருக்கிறது. எனவே, டைட்டனின் ஏற்ற இறக்கங்களில் தமிழக மக்களுக்கும் மறைமுகப் பங்குண்டு. அந்நிறுவனம் 2025-இல் 'ஜல்சா' என்ற தங்கக் கடிகாரத்தை அறிமுகப்படுத்தியது. முகப்பில் ஜெய்ப்பூர் ஹவா மஹால் நுண்ணோவியம். மொத்தம் பத்தே கடிகாரங்கள். ஒன்றின் விலை சுமார் ரூ.40 லட்சம்.

இத்தகைய மாற்றத்துக்கு எதிர்வினை இரு வகையாக அமைவது இயல்பு. இந்தியத் தொழில்நுட்பம் சுவிட்சர்லாந்துக்கு நிகராக உயர்கிறது என்ற பெருமிதம் ஒருபுறம். திருமண அன்பளிப்பாகச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கும் பெயருக்கு யார் லட்சக்கணக்கில் கொடுப்பார்கள் என்ற ஐயம் மறுபுறம். இரண்டாவது கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆடம்பரப் பொருளை வாங்குபவர் பொருளை மட்டுமன்றி, அதன் விலை பிறருக்குத் தெரிவிக்கும் தகுதியையும் சேர்த்தே வாங்குகிறார் என்று தார்ஸ்டீன் வெப்ளன் 1899-லேயே விளக்கினார். எல்லார் கையிலும் இருக்கும் பெயர் அந்தத் தகுதியைத் தருமா என்பதே ஐயத்தின் சாரம்.

ஆனால், ரசிகர்களின் முதல் தீர்ப்பு எப்போதும் இறுதித் தீர்ப்பாக இருப்பதில்லை. சுவிட்சர்லாந்தின் ஓடமார் பிகே நிறுவனம் 1972-இல் 'ராயல் ஓக்' என்ற எஃகுக் கடிகாரத்தைத் தங்கக் கடிகாரத்தைவிட அதிக விலைக்கு வெளியிட்டது. எஃகுக்கு இந்த விலையா என்று வியந்தவர்கள் அன்று பலர். இன்று அந்நிறுவனத்தின் முகவரியே அந்தக் கடிகாரம்தான். 2022-இல் ஒமேகாவின் புகழ்பெற்ற 'மூன்வாட்ச்' வடிவத்தை மலிவு விலையில் ஸ்வாட்ச் வெளியிட்டபோது, மூலக் கடிகாரத்தின் மதிப்பு சரிந்துவிடும் என்று சேகரிப்பாளர்கள் அஞ்சினர். கடைகளின் முன் மக்கள் வரிசையில் நின்றனர். மூலக் கடிகாரத்தின் விற்பனையும் கூடியதாக நிறுவனம் அறிவித்தது.

இதற்கு நேர்மாறான பாடம் எச்.எம்.டி.யுடையது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1961-இல் பெங்களூரில் கடிகார உற்பத்தியைத் தொடங்கிய இந்தப் பொதுத்துறை நிறுவனம், 'ஜனதா', 'பைலட்', 'சோனா' எனப் பல மாதிரிகளை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. தஞ்சை மாவட்டத்துத் திருமணங்களில் மாப்பிள்ளைக்கு மோதிரத்துடன் எச்.எம்.டி. கடிகாரம் அணிவிப்பது ஒரு தலைமுறையின் வழக்கம். எண்பதுகளின் தொடக்கத்திலேயே குவார்ட்ஸ் கடிகாரத்தையும் தயாரித்த அந்நிறுவனம், சாவி கொடுக்கும் கடிகாரங்களையே பெரிதும் நம்பியிருந்தது. குவார்ட்ஸையும் அழகிய வடிவமைப்பையும் முன்னிறுத்திச் சந்தைக்கு வந்த டைட்டனிடம் வாடிக்கையாளர்கள் சென்றனர். ஆண்டுக்கணக்கான நட்டத்துக்குப் பிறகு, எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. மூடப்போகிறார்கள் என்ற செய்தி பரவியபோதுதான் பழைய ஜனதாவையும் பைலட்டையும் தேடி மக்கள் அலைந்தனர்.

இந்த முரணைப் புரிந்துகொள்ள ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970-இல் வகுத்த மூன்று சொற்கள் உதவும்: வெளியேற்றம், குரல், பற்று. ஒரு நிறுவனத்தின் தரம் குறையும்போது சிலர் சொல்லாமல் விலகுகின்றனர், சிலர் முறையிடுகின்றனர். பற்று உள்ளவர்களே விலகாமல் நின்று குரல் கொடுப்பார்கள். எச்.எம்.டி.யை விட்டு விலகிய லட்சக்கணக்கானோர் எந்தக் கடிதமும் எழுதவில்லை. பற்று மிகுந்தோரின் குரல் ஒலித்தபோது காலம் கடந்துவிட்டது. ரசிகர்களின் ஆரவாரத்தைவிட வாங்குவோரின் மௌனமே நிறுவனத்துக்கு ஆபத்தானது.

அந்த மௌனத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் பிழைத்தனர். டைட்டன் நிறுவனத்தின் 'தனிஷ்க்' தொடக்கத்தில் 18 காரட் நகைகளை விற்க முயன்றது, வாடிக்கையாளர்கள் ஏற்கவில்லை. காரணம் எளிது. நம் குடும்பங்களுக்குத் தங்கம் அணிகலன் மட்டுமன்று. குறுவைச் சாகுபடிக்குப் பணம் தேவைப்பட்டால் கூட்டுறவு வங்கியில் அடகு வைக்கும் சேமிப்பும் அதுவே. அதை உணர்ந்து 22 காரட்டுக்கு மாறியதுடன், தங்கத்தின் தூய்மையை வாடிக்கையாளர் முன்னிலையில் அளந்துகாட்டும் கருவியையும் கடைகளில் வைத்தது தனிஷ்க். இன்று டைட்டனின் வருவாயில் பெரும்பகுதி நகை வணிகத்திலிருந்தே வருகிறது.

கடிகாரத்தைப் பற்றிய இந்த விவாதம் காவிரிப் படுகைக்கும் பொருந்தும். மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்ட விவசாயி தாதாஜி கோப்ரகடே தெரிவு செய்து உருவாக்கிய நெல் ரகத்துக்கு, அன்று புகழ்பெற்றிருந்த கடிகாரத்தின் நினைவாக 'எச்.எம்.டி.' என்றே பெயர் அமைந்தது. அந்தப் பெயரில் அரிசி வணிகம் பெருகியது. ஆனால், அவர் 2018-இல் வறுமையிலேயே மறைந்தார். பெயரின் மதிப்பு உயர்வது வேறு, அந்த மதிப்பு உழைத்தவரைச் சென்றடைவது வேறு.

நம் படுகையில் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் இன்று அத்தகைய இடமாற்றத்தைச் சந்திக்கின்றன. திருத்துறைப்பூண்டியைச் சேர்ந்த நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டார். இரண்டு கிலோ விதை கொடுத்து, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திரும்பப் பெற்று அவற்றைப் பரப்பினார். அவை இப்போது நகரத்து அங்காடிகளில் உயர்விலைப் பொருள்கள். ரசிகர்களின் புகழுரைக்குக் குறைவில்லை. ஆனால், மாப்பிள்ளைச் சம்பா விளைய ஐந்து மாதங்களுக்கு மேலாகும், உயரமான பயிராதலால் மழைக்காற்றில் சாயும், மகசூலும் குறைவு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலோ சன்ன ரகம், பொது ரகம் என்ற இரண்டே விலைகள். பாரம்பரிய ரகத்துக்குத் தனி விலை அங்கே இல்லை.

எனவே, பாராட்டுபவர்களில் எத்தனை பேர் மாதந்தோறும் வாங்குகிறார்கள் என்பதே விவசாயிக்கு முக்கியம். நிலையான வாங்குவோர் இல்லாத பற்று, மூடிய ஆலையின் கடிகாரத்தைத் தேடி அலைவது போன்றது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் செய்ய வேண்டும். அரசு மாணவர் விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இந்த அரிசியின் ஒரு பகுதியைக் கட்டுப்படியாகும் விலையில் வாங்க வேண்டும். ரகத்தின் தூய்மைக்கு, தங்கத்துக்கு இருப்பதுபோல், நம்பத்தகுந்த சோதனையும் வேண்டும்.

எச்.எம்.டி.யை மக்கள் நேசித்தார்கள் என்பதில் ஐயமில்லை. நேசித்துக்கொண்டே வேறு கடிகாரம் வாங்கினார்கள். நம் நெல்லுக்கும் அந்த நிலை நேராமல் காக்க வேண்டியது விற்பவரின் கடமை மட்டுமன்று, உண்பவரின் கடமையும்கூட.