போரிவிலிக் காட்டில் ஒரு பாடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் போரிவிலி ஸ்டேஷனின் கிழக்கு வாசலில் நம்மவர்களை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கையில் புளியோதரை டப்பா, இடுப்பில் குழந்தை. தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் குடும்பத்தோடு சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குக் கிளம்பியவர்கள். கான்ஹேரி குகைகளைப் பார்த்து, மர நிழலில் சாப்பிட்டு, குரங்குக்கு இரண்டு பிஸ்கட் போட்டுவிட்டு மாலை வண்டியைப் பிடிப்பார்கள்.

அந்த இரண்டு பிஸ்கட்டில்தான் வினை இருக்கிறது. தென்னாட்டுக் குரங்கு, வடநாட்டுக் குரங்கு இரண்டும் அங்கே உண்டு. வாங்கித் தின்னும் பழக்கத்தில் பேதமில்லை! பழகிய குரங்கு பிறகு பையைப் பிடுங்கும், கடிக்கும். மீதிச் சோற்றை வீசினாலோ நாய் வரும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும்.

இது பயமுறுத்தல் அல்ல. நகரத்துக்குள்ளேயே சுமார் 100 சதுர கிலோமீட்டர் பரந்த காடு அது. 2015-ல் தானியங்கிக் காமிராக்கள் வைத்து எடுத்த கணக்கில், பூங்காவிலும் அதையொட்டிய இடங்களிலும் 35 சிறுத்தைகள் தென்பட்டன. 2004-ல் காட்டோரக் குடியிருப்புகளில் பலர் சிறுத்தைக்குப் பலியானார்கள். இறந்தவர்களில் குழந்தைகளும் உண்டு. கூண்டு வைத்துப் பிடி என்பதே அன்றைய கூக்குரல். ஆனால் வேறிடங்களில் பிடித்த சிறுத்தைகளை இந்தக் காட்டில் கொண்டுவந்து விட்டதே தொல்லையைப் பெருக்கியது என்பது ஆய்வாளர்கள் கருத்து.

எனவே வனத்துறை 2011-ல், ஆய்வாளர்களையும் நகரவாசிகளையும் சேர்த்துக்கொண்டு ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லும் முயற்சியில் இறங்கியது. சொன்னது எளிய சங்கதிதான். வீட்டருகே குப்பை சேர விடாதீர்கள். இருட்டியபின் குழந்தையைத் தனியே வெளியே அனுப்பாதீர்கள். சிறுத்தையைக் கண்டால் கூட்டம் கூடி வளைக்காமல், அது போக வழி விடுங்கள். காட்டோரத்தில் குடியிருக்கும் கூலிக்காரருக்கு இது உயிர்ப் பிரச்னை. ஒருநாள் உல்லாசத்துக்குப் போகிறவர் போடும் எச்சிலையின் விளைவையும் அவர்தான் அனுபவிக்கிறார்.

பூங்காவின் இயற்கைத் தகவல் மையம் வழிகாட்டியோடு காட்டுநடை நடத்துகிறது. பிள்ளைகளை அவசியம் அழைத்துப் போகலாம். வழிகாட்டி இந்தியில் சொல்வதைப் பிள்ளைகள் பாட்டிக்குத் தமிழில் சொல்லிவிடுவார்கள். விஹார், துளசி ஏரிகள் இந்தக் காட்டில்தான் இருக்கின்றன. மும்பைக்கு முதன்முதலில், 1860-ல், குழாய்த் தண்ணீர் தந்தது விஹார். இன்றும் இரண்டும் நகரத்துக்குக் குடிநீர் தருகின்றன. பிளாஸ்டிக்கை ஓடையில் எறிகிறவர் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

நமக்கென்று ஒரு விசேஷமும் உண்டு. அங்கே மலைச்சரிவெல்லாம் வளரும் கார்வி என்ற செடி நம் குறிஞ்சியின் இனம். குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். கார்வி 8 ஆண்டுக்கு ஒருமுறை. 2016-லும் 2024-லும் சரிவுகள் ஊதா நிறமாயின. அடுத்த பூப்பு 2032-ல். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை.