தெற்கே ஓடும் ஐப்பசிக் கடல்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை நிலைகொண்டதும், தென்சென்னையின் பெருங்குடியைச் சூழ்ந்த மூன்று ஓட்டங்கள் ஒருசேரத் தெற்கு நோக்குகின்றன. முதலாவது, வங்கக் கடல்மீது வீசும் வாடைக்காற்று. இரண்டாவது, கொட்டிவாக்கம், நீலாங்கரை மீனவர் ஊர்களுக்கு அப்பால் ஓடும் கரையோர நீரோட்டம். மூன்றாவது, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலிருந்து ஒக்கியம் மடுவு வழியே தெற்குப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டுக் கழிமுகத்தைத் தேடிச் செல்லும் மழைவெள்ளம். பாய்மரப் படகில் கரையோரமாகத் தெற்கே செல்ல விழையும் இருவருக்கு முதலிரண்டும் பெருந்துணை. ஆனால் படகைத் தள்ளிவிடும் அதே கடல், பெருங்குடியின் வெள்ளத்தை வாயிலிலேயே தடுத்தும் நிறுத்துகிறது. இவ்விரு செயல்களின் வேரும் ஒன்றே.

பாய்மரப் படகைச் செலுத்த இருவர் போதும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று உண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா என்னும் இந்தியக் கடற்படைப் பெண் அதிகாரிகள் இருவர், 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்ற 17 மீட்டர் நீளப் பாய்மரக் கலத்தில் புறப்பட்டனர். தெற்கே இறங்கி, நிலநடுக்கோட்டைக் கடந்து, நவம்பர் 9 அன்று ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலை அடைந்தனர். உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று கோவா திரும்பினர். அவர்கள் சென்றது ஆழ்கடல் வழி. சோழமண்டலக் கரையை ஒட்டிச் செல்வோர் கற்க வேண்டிய பாடம் வேறு.

முதலில் காற்றைக் காண்போம். கூதிர்காலத்தில் ஆசியப் பெருநிலம் விரைவாகக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனத்துப் படிவதால் அங்கே அழுத்தம் மிகுகிறது. வெப்பம் நிலைத்திருக்கும் நிலநடுக்கோட்டுக் கடல்வெளியிலோ அழுத்தம் குறைவு. எனவே காற்று வடக்கிலிருந்து தெற்கே பாய்கிறது. புவியின் தற்சுழற்சி, வடகோளத்தில் நகரும் எப்பொருளையும் அதன் வலப்பக்கம் விலக்கும். தெற்கே செல்வதற்கு வலப்பக்கம் மேற்கு. ஆதலால் வடக்கே பிறந்த காற்று நம் கரைக்கு வடகிழக்குக் காற்றாக வந்து சேர்கிறது.

சென்னையிலிருந்து புதுச்சேரி வரை கரை நேர்தெற்காக இராமல் சற்றே மேற்கு சாய்ந்து இறங்குகிறது. அவ்வழியே செல்லும் படகுக்கு வாடை, பின்புறத்தில் இடப்பக்கமாக வந்து படும். பாயை நன்கு வெளியே விரித்துவிட்டால் படகு தானே ஓடும். எளிதெனத் தோன்றும் இந்நிலையில்தான் விழிப்பு மிகுதியாக வேண்டும். அலை தூக்கிப் படகின் முகம் சிறிது திரும்பினாலும், காற்று பாயின் மறுபுறம் புகுந்துவிடும். அப்போது பாயின் அடியில் கிடையாக நிற்கும் கட்டை, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நொடிப்பொழுதில் வீசி அடிக்கும். இடையில் நிற்பவரின் தலைக்கு அது எமன். அதனால் இருவரில் ஒருவர் உறங்கும்போது மற்றவர் சுக்கானை விட்டு நகர்வதில்லை.

இனி நீரோட்டம். வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரைச் சென்னைக் கரையின் மீனவர் வன்னி என்பர். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. மாசி, பங்குனியில் வலுத்திருக்கும் தெண்டி, ஐப்பசி, கார்த்திகையில் வன்னிக்கு இடம் விடுகிறது. வன்னியின் விரைவை மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது நொடிக்கு அரை மீட்டர் என்று கொள்வோம். சென்னைத் துறைமுகத்திலிருந்து புதுச்சேரிக்கு ஏறத்தாழ 75 கடல்மைல். மணிக்கு 5 கடல்மைல் ஓடும் படகு நிற்கும் நீரில் 15 மணி நேரத்தில் போய்ச் சேரும். வன்னி துணை நின்றால் 12½ மணி நேரம் போதும். அதே படகு அதே நாளில் வடக்கே திரும்பினால் கதை வேறு. எந்தப் பாயும் காற்றின் முகத்துக்கு நேரே செல்லாது. சுமார் 45 பாகை விலகி, இடமும் வலமும் மாறி மாறி வளைந்தே முன்னேற வேண்டும். எதிர்நீரையும் கணக்கில் சேர்த்தால் திரும்புவதற்கு ஏறத்தாழ 26 மணி நேரம் ஆகும். போக்கும் வரவும் ஒரே தொலைவு, காலமோ இரட்டிப்பு.

வன்னியை வாடை மட்டும் உண்டாக்குவதில்லை. வாடை முழுவீச்சை எட்டும் முன்பே நீர் தெற்கே திரும்பிவிடுகிறது. நிலநடுக்கோட்டருகே வீசும் காற்று எழுப்பும் கெல்வின் அலை என்னும் நெடுநீள அலை, கிழக்கே சுமத்ராவை எட்டி, அங்கிருந்து கரையை வலப்பக்கம் பற்றிக்கொண்டு அந்தமான் கடல், மியான்மர், வங்கதேசம், ஒடிசா, ஆந்திரம் எனச் சுற்றி நம்மிடம் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத இவ்வலை கரையோரக் கடல்மட்டத்தை உயர்த்தி, நீரைத் தெற்கே செலுத்துகிறது. கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி ஆகியவை கொட்டிய நன்னீரும் உப்புக் குறைந்த நீர்ப்பட்டையாகச் சுமார் 100 கிலோமீட்டர் அகலத்தில் கரையை ஒட்டியே இறங்குகிறது. கிழக்குக் கரை நெடுகிலும் மீனவர்கள் தொடர்ந்து சேகரித்துத் தந்த கடல்நீரைச் சோதித்த அறிஞர்கள், 2014இல் இதைக் ‘கடலுக்குள் ஓடும் ஆறு’ என்றே பெயரிட்டு வெளியிட்டனர். ஆய்வுக்கப்பல் அடிக்கடி செல்ல முடியாத கரையோரத்தில் மீனவரின் கைகளே அளவைக் கருவிகளாயின.

இங்கேதான் பெருங்குடி மீண்டும் வருகிறது. தெற்கே ஓடும் நீரையும் புவிச்சுழற்சி வலப்பக்கம் தள்ளுகிறது. அந்த வலப்பக்கம் நம் கரை. எனவே வன்னி ஓடும் காலமெல்லாம் கடல் கரைப்பக்கம் உயர்ந்தே இருக்கும். நொடிக்கு அரை மீட்டர் விரைவும் 100 கிலோமீட்டர் அகலமும் உள்ள ஓட்டத்துக்கு, நம் அகலக்கோட்டில் கரையோர உயர்வு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் எனக் கணக்கு வருகிறது. சிறு அளவென எண்ணலாகாது. தென்சென்னையின் தாழ்நிலங்களில் வெள்ளம் வடிவதற்கு இருக்கும் சரிவே மிகக் குறைவு. முட்டுக்காட்டில் கடல் ஒரு சாண் உயர்ந்தாலும், பள்ளிக்கரணையின் நீர் கால்வாயிலேயே தயங்கி நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இப்பகுதியில் நாள்கணக்கில் நின்ற வெள்ளத்துக்குப் பெருமழையும் அடைபட்ட நீர்வழிகளும் முதற்காரணங்கள். ஆயினும் வெள்ளம் வடிந்து சேரவேண்டிய கடல் ஆண்டிலேயே மிக உயர்ந்து நிற்பதும் இந்தப் பருவத்தில்தான் என்பதை மறக்கலாகாது.

கடலோடிக்கும் இப்பருவம் முழு நண்பனல்ல. வாடை கரையை நோக்கித் தள்ளும் காற்று. பாய் கிழிந்தால் படகு கரைதட்டும். ஆகவே அறிந்தவர் கரையைவிட்டு நன்கு விலகியே ஓடுவர். அதனினும் பெரிது புயல். வடகோளத்தில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழல்வதால், தென்கிழக்கே உருவாகும் புயல் நமக்கு முதலில் வடகிழக்குக் காற்றையே அனுப்பும். நேற்றுவரை படகைத் தள்ளிய அதே திசைக் காற்று சற்று வலுத்தால் மகிழ்வதா அஞ்சுவதா? காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்; தாழ்வழுத்தம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும் என்பது பழைய விதி. பாரமானியும் இறங்கினால் துறைமுகம் தேட வேண்டியதுதான். 1746இல் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, அக்டோபர் பாதியிலும் கப்பல்களைச் சென்னையின் திறந்த கடலில் நிறுத்தியிருந்தார். 13ஆம் நாள் எழுந்த புயல் சிலவற்றை மூழ்கடித்தது, பலவற்றின் பாய்மரங்களை முறித்தது. வென்ற படையின் வலிமையை ஓரிரவு அழித்துவிட்டது. இன்று அந்நிலை இல்லை. பெருங்குடியை அடுத்த பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக் கடலில் நிறுத்தியுள்ள மிதவைகள், காற்றையும் அழுத்தத்தையும் அலையையும் அளந்து செயற்கைக்கோள் வழியே அனுப்புகின்றன. துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய பின் புறப்படுவது துணிவாகாது.

இப்பருவத்தில் கடலை நம்ப முடியாதவர்களுக்குக் கரைக்குள் வெட்டப்பட்ட ஒரு வழியும் இருந்தது. 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய கால்வாய், 1876–78 பஞ்சத்தின்போது கஞ்சிக்கு உழைத்த மக்களின் கைகளால் நகருக்குள் இணைக்கப்பட்டு, ஆளுநர் பக்கிங்காம் பெயரைப் பெற்றது. தெற்கே மரக்காணம் வரை உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இதில் சென்றன. காற்று கிடைத்தால் பாய், கிடைக்காவிட்டால் கோலும் கயிறும். 2008இல் இக்கால்வாய் தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் மயிலாப்பூர்ப் பகுதியில் பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள்ளேயே நிற்கின்றன. பல இடங்களில் கழிவுநீரும் ஆகாயத்தாமரையும் மூடியிருக்கின்றன.

காற்றையும் கெல்வின் அலையையும் நாம் மாற்ற இயலாது. கார்த்திகைக் கடல் உயர்ந்தே நிற்கும். நம் கையில் இருப்பவை ஒக்கியம் மடுவின் அகலம், கால்வாயின் ஆழம், முட்டுக்காட்டு முகத்துவாரத்தின் தூய்மை ஆகிய மூன்றே. ஒரு படகு தடையின்றிச் செல்லும் கால்வாயில் வெள்ளமும் தடையின்றிச் செல்லும். ஆகவே தெற்குப் பக்கிங்காம் கால்வாயைத் தூர்வாரும் பணி ஐப்பசிக்கு முன்பே ஆண்டுதோறும் முடிந்தாக வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது பெருங்குடி வாழ் மக்களின் கடமை.