நொய்யல்: தெளிந்த நீரிலும் மறைந்திருக்கும் உப்பு
வெள்ளியங்கிரி மலைச்சாரலில் ஜனித்து, கோயமுத்தூரையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் சங்கமிக்கும் இந்நதியின் சுத்தத்தைக் கண்ணால் மட்டும் நிர்ணயிப்போர் ஏமாறக்கூடும். ஏனெனில், பருத்தியில் சாயம் பற்றும்பொருட்டுச் சாயப்பட்டறைகளில் சேர்க்கப்படும் உப்பானது, நிறம் அகன்ற பின்னரும் நீரில் கரைந்தே நிற்கும். சாதாரணச் சுத்திகரிப்புக்கு அது அகப்படுவதில்லை. ஆகவே நீரின் மின்கடத்து திறனை அளந்து, கரைந்துள்ள உப்பின் பிரமாணத்தை மதிப்பிடும் பரீட்சையே இங்குப் பிரதானமாகும். பாசனத்துக்கென இந்நதியில் எழுப்பிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிப்போன விபரீதத்துக்குப் பின், கழிவுநீரை அறவே வெளியேற்றாத நிலையை எய்தாத பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அந்நிலையை எய்த, எதிர்ச் சவ்வூடு பரவலால் நீரையும், ஆவியாக்கலால் உப்பையும் மீட்பது செலவு மிகுந்த மார்க்கந்தான். எனினும் மீட்ட நீர் மறுபடியும் சாயத்தொட்டிக்கே உபயோகமாகிறது.